அவர் சொல்லிவிட்டார்

அவர் எதையாவது சொல்ல வந்தால் கேட்டைத் திறக்க மாட்டார். வெளியே நின்று, கார் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே, வடிகாலைப் பார்த்துப் பேசுவார். "டீச்சர், ஒரு விஷயம் சொல்லிடறேன்." அதற்கு மேல் வருவது அவருடைய சட்டைப் பொத்தானைத் தாண்டாது. சொல்லி முடித்ததும் சாவியை எடுத்து, நுனியில் ஒட்டியிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் கேட் கம்பியில் தேய்ப்பார். பிறகு போவார். நான் சோப்புத் தண்ணீரும் துணியுமாக வெளியே வருவேன். என்ன சொன்னார் என்பது பல நாள் என் காதில் விழுந்திருக்காது. தேய்த்த இடம் மட்டும் சரியாகத் தெரியும்.

என் மகள் யாழினி அதை அப்படியே செய்து காட்டுவாள். அவளுக்குத் தசை பலவீனம். பன்னிரண்டு வயதிலிருந்து சக்கர நாற்காலிதான். பேனாவைக் காதருகே பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, "ஒரு விஷயம் சொல்லிடறேன். உங்க சட்டியில சாம்பார் அடி பிடிக்குது. சொல்லிட்டேன்" என்பாள். நானும் அவள் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்போதெல்லாம் அது வெறும் வேடிக்கை.

பாசிர் பெனம்பாங்கைத் தாண்டி, கடல் தடுப்புக்கரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் தாமான் குடியிருப்பு. எஸ்டேட் லயங்களை விட்டு வந்தவர்கள் பாதி, மலாய்க்காரர்களும் சீனர்களும் மீதி. அவர் மூலை வீடு. கிள்ளானில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும் என்றபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், அவர் கையைத் தூக்கினார். அதிலிருந்து அவர் எல்லோருக்கும் செக்ரட்டரி. கெட்ட வார்த்தை பேசியதில்லை, கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் வீட்டுச் சுவரோரம் ஒரு தென்னை. அதன் நிழலில் எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் தன் புதுக் காரை நிறுத்துவார். ஒரு நாள் செக்ரட்டரி அவரிடம் போய், "அங்கள், தேங்காய் முத்திடுச்சு, விழும்" என்றார். பெரியவருக்குக் காது மந்தம். தலையை ஆட்டிச் சிரித்தார். அந்தக் குலை அதன் பிறகும் பல நாள் அங்கேயே தொங்கியது. தினமும் காலையில் செக்ரட்டரி அண்ணாந்து பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். கொக்கிக் கம்பு அவர் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. மரமும் அவருடையது. கண்ணாடி நொறுங்கிய அன்று அவர் வெளியே வந்து, சில்லுகளை மிதிக்காமல் தள்ளி நின்று, "அன்னைக்கே சொன்னேன்" என்றார். முகத்தில் வருத்தம் இல்லை. கணக்கு நேராகிவிட்ட ஒருவருடைய நிம்மதி இருந்தது.

இன்னொரு முறை படகுத்துறை ஜெட்டியில் கெராங் சிப்பி வாங்கி வந்திருக்கிறார். வரும் வழியிலேயே வாடை அடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, "இது வாடை வருது. சொல்லிட்டேன்" என்று டிவி பார்க்கப் போய்விட்டார். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த நேரம். அவர் மனைவி அதைச் சம்பல் வைத்தார். அவர் தன் தட்டில் அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, மனைவி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ரசம் சாதம் சாப்பிட்டு எழுந்தாராம். மறுநாள் கிளினிக் பெஞ்சில் அந்த அம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க, இவர் பக்கத்தில் இருந்தவர்களிடம், "நான் சொல்லித்தான் வெச்சேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நீங்க ஏன் திரும்பக் கேக்கலை அக்கா? என்ன சொன்னீங்கன்னு."

"கேட்டா ரெண்டாவது தரம் சொல்ல மாட்டார் டீச்சர். அவருக்கு நாம கேக்கணும்னு இல்ல. அவர் சொன்னதா இருக்கணும். அவ்ளோதான்."

முப்பது வருடம் கூட இருந்தவர் சொன்ன வார்த்தை. அன்று அதைக் கணவன் மனைவி சலிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சைரன் அவர் செய்ததுதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது, மழையும் மேற்குக் காற்றும் சேர்ந்தால் கரையைத் தாண்டித் தண்ணீர் வரும். ஒரு முறை அப்படி வந்து எல்லோர் மெத்தையும் நாறிப்போன பிறகு, செக்ரட்டரி மதகருகே நீர்மட்டம் பார்க்கும் கருவி ஒன்றைப் பொருத்தினார். அங்கிருந்து வரும் அளவைப் படித்து, அபாயக் கோட்டைத் தொட்டால் ஊதுகுழலை அலற வைக்க, ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ். கைப்பட எழுதிய நிரல். கூலி வாங்கவில்லை. முதல் முறை அது அலறியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்கு அது சைரன் மட்டுமல்ல. யாழினியின் அறை கீழ்த்தளத்தில். நான் செகிஞ்சானில் பள்ளி ஆசிரியை. அவள் அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் நோரிடம் ஒரு சாவி இருந்தது. சைரன் கேட்டால் காக் நோர் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்து, அவளைத் தூக்கி மாடிப்படி ஏற்ற வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. சும்மா ஒரு நாள் செய்தும் பார்த்தோம். யாழினி அவர் தோளில் தொங்கியபடி, "காக், என்னைக் கீழ போட்டா உங்க நாசி லெமாக் கடைய மூட வெச்சுருவேன்" என்று மிரட்டினாள்.

பாலாய் ராயா எங்கள் வீட்டுக்கு எதிரே என்பதால் அதன் சாவி என்னிடம் இருக்கும். ஒரு தரம் மின்சாரம் போய் வந்த பிறகு செக்ரட்டரி கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்துவிட்டு நானும் நின்றேன். திரையில் எழுத்துகள் ஓடின. நடுவில் ஒரு வரி மட்டும் மஞ்சள்.

"அது என்னண்ணே?"

"அதுவா. கம்ப்யூட்டர் எழுந்ததும் சைரன் நிரலைத் தட்டி எழுப்பணும்ல. அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கேன், பழைய முறையில. அந்த முறையை லினக்ஸ் செய்றவங்க எடுத்திடப் போறாங்களாம். அதைத்தான் சொல்லுது. இப்போதைக்கு ஓடும், அப்புறம் ஓடாது, மாத்திக்கோன்னு."

"எடுத்துட்டா?"

"கண்டுக்காது. ஸ்கிரிப்ட் இருந்த இடத்துலயே இருக்கும். கம்ப்யூட்டர் நல்லாவே எழும்பும். அதைத் திறந்து பார்க்காது, அவ்ளோதான்." சாவி காதுக்குள் போனது. குரலில் ஒரு மரியாதை வந்தது. "இன்னைக்கு நேத்தா சொல்றாங்க டீச்சர். வருஷக்கணக்கா ஒவ்வொரு தரமும் சொல்றாங்க. அப்புறம்தான் எடுக்கிறாங்க. அதான் முறை."

"அப்ப மாத்தி எழுதிட வேண்டியதுதானே?"

"எழுதலாம். சின்ன வேலை. சங்க வாட்ஸ்அப் குரூப்புல சொல்லிடறேன்."

"குரூப்புல யாருக்குண்ணே இது புரியும்?"

"புரியுதோ இல்லையோ, சொல்லணும் லா."

சாவி நுனியைப் பார்த்தார். கம்ப்யூட்டர் மேசையின் விளிம்பில் தேய்த்தார்.

குரூப்பில் அறிவிப்பு வந்தது. ஒரு காணாமல் போன பூனைக்கும் யாரோ ஒருவருடைய பேரனின் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே, மலாயிலும் தமிழிலும்: பாலாய் ராயா கம்ப்யூட்டர் லினக்ஸின் அடுத்த பதிப்புக்கு மாற்றப்படும், அதில் பழைய தொடக்க ஸ்கிரிப்டுகளுக்கு ஆதரவு நீக்கப்படுகிறது, கருத்து இருப்பின் தெரிவிக்கவும். கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் ரோஜாப்பூ போட்டார். காக் நோர் இரண்டு கை கூப்பி நன்றி சொல்லியிருந்தார். சைரன் என்ற சொல் அந்த அறிவிப்பில் எங்குமே இல்லை.

அவர் பதிப்பை மாற்றிய அன்றும் நான்தான் கதவைத் திறந்தேன். மறுபடி எழுத்துகள் ஓடின. இந்த முறை எல்லாம் ஒரே வெள்ளை, நடுவில் எதுவும் துருத்தவில்லை.

"அந்த மஞ்சள் வரி போயிடுச்சேண்ணே. சரி பண்ணிட்டீங்களா?"

"அது இனிமே வராது டீச்சர். சொல்ற காலம் முடிஞ்சு போச்சு."

சரி செய்துவிட்டார் என்றே நினைத்தேன். யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? குறை சொல்லிக்கொண்டிருந்த வரி காணாமல் போனால் குறையும் போய்விட்டது என்றுதானே பொருள். மாத முதல் ஞாயிறு வழக்கம்போல் சோதனைக்காக அவர் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். சைரன் அலறியது. அந்தப் பொத்தானுக்கு ஊதுகுழலோடு நேர் இணைப்பு. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் அது அலறும். இது எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பள்ளியில் கூடுதல் வகுப்பு. பௌர்ணமி கழிந்த மறுநாள். வகுப்பு முடிந்து கிளம்பும்போதே மழை. வயல் பக்கத்தில் நெல் லாரிகள் வரிசை கட்டி நகர்ந்தன, என்னால் முந்த முடியவில்லை. எங்கள் சந்தியில் காரை நிறுத்தியபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? பயம் அல்ல. சைரன் அடித்திருக்கும், காக் நோர் தூக்கியிருப்பார் என்ற தைரியம்.

நடந்தேன். வடிகாலும் மலக்குழியும் கடலும் ஒன்றாகிக் கிடந்தன. ஒரு குழந்தையின் அணையாடை என் தொடையில் வந்து ஒட்டியது, தட்டிவிட்டேன். மதில் கம்பிகள் முழுவதும் கரப்பான் பூச்சிகள் ஏறி, ஒன்றின் மேல் ஒன்றாக மொய்த்து, பழுப்பாகப் பளபளத்தன. அந்த நாற்றம் இன்றும் மழை தொடங்கும்போதெல்லாம் மூக்குக்குள் வந்துவிடுகிறது. என்னால் சாப்பிட முடிவதில்லை.

வீட்டுக்குள் மாடிப்படியில் காக் நோர் உட்கார்ந்திருந்தார். தன் தொழுகை அங்கியைக் கழற்றி யாழினியைச் சுற்றிக் கட்டியிருந்தார். என் பிள்ளையின் உதட்டோரம், பற்களுக்கிடையில், மூக்குத் துளையில் கறுப்புச் சேறு.

"சைரன் அடிக்கலை டீச்சர்" என்று காக் நோர் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணி ஏறுறதைப் பார்த்தேன். சைரன் அடிக்கலையே, பயமில்லைன்னு மாடியில துணி மடிச்சிட்டு இருந்தேன். சைரன் அடிக்கலை."

அவரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? சைரன் இல்லாத காலத்தில் நாங்கள் எல்லோரும் வடிகாலைப் பார்த்தே சாமான் தூக்கி வைத்தவர்கள். சைரன் வந்த பிறகு கண்ணை நம்புவதை விட்டுவிட்டோம். மோட்டார் நாற்காலி தண்ணீர் பட்டதும் நின்றுவிட்டது. யாழினி அதிலிருந்து சரிந்து, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் தண்ணீர் புகப் புகத் துப்பித் துப்பிக் கத்தியிருக்கிறாள். காக் நோர் தன் வீட்டுப் படி இறங்கியபோதுதான் அது கேட்டிருக்கிறது.

நுரையீரலில் அழுக்குத் தண்ணீர் போய்ச் சீழ் பிடித்தது. பல நாள் அவளுடைய மார்பில் குழாய் வைத்து எடுத்தார்கள். கண்ணாடிக் குடுவையில் மஞ்சளும் பச்சையுமாக அது நிறைவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். பேச முடிந்த முதல் நாள் அவள் சொன்னாள்.

"அம்மா, செக்ரட்டரி அங்கள் அன்னைக்கு வந்தாரு."

"எப்ப?"

"மத்தியானம். காரை மேட்டு ரோட்டுல விட எடுத்துட்டுப் போனாரு. நம்ம கேட்டுகிட்ட நிறுத்தி, ஜன்னல் வழியா, 'இன்னைக்குத் தண்ணி பெருசா இருக்கும், சொல்லிட்டேன்'னாரு."

"நீ என்ன சொன்னே?"

"சரி அங்கள்னேன். போயிட்டாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "சைரன் இருக்குதானேன்னு இருந்துட்டேன்மா."

நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஒரு மனிதனை நினைத்து எனக்கு வாந்தி வந்தது அதுதான் முதல் முறை.

அவருக்குக் கடல் ஏறும் நேரம் தெரியும். சைரன் அலறாது என்றும் தெரியும். வீட்டில் அவள் தனியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தார். தன் காரைக் கொண்டுபோய் மேட்டில் விட்டார். எழுந்து நடக்க முடியாத பிள்ளையிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து தன் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வார இறுதியில் மருத்துவமனைக்கு வந்தார். கையில் ஒரு மால்ட் டின். மனைவி பின்னால் தலை குனிந்து நின்றார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் பாப்பாகிட்ட சொன்னேனே டீச்சர்."

நான் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குரூப்புலயும் சொல்லியிருந்தேன். ஒருத்தரும் பதில் போடலை."

சாவி காதுக்குள் போனது. வெளியே வந்தது. வார்டு விளக்கில் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மகள் படுத்திருந்த கட்டிலின் இரும்புக் கம்பியில் தேய்த்தார். யாழினி பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் உடனே பேனாவைத் தேடுகிற பிள்ளை. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் மனைவி தன் முந்தானையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார்.

சங்கக் கூட்டத்தில் நான் கேட்டேன். தலைவர் கைபேசியைத் தேடி எடுத்து, அந்த அறிவிப்பை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "சொல்லித்தான் இருக்காரு டீச்சர். நாமதான் கவனிக்கலை." சிலர் தலையாட்டினார்கள். ரோஜாப்பூ போட்டவர் தரையைப் பார்த்தார். செக்ரட்டரியைப் பதவியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அவரே, "உடம்பு முடியலை" என்று விலகிக்கொண்டார். இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி சொல்லி ஒரு துண்டு போர்த்தினார்கள்.

கம்ப்யூட்டரைப் பார்க்கத் தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் கொடுத்த தே ஓ தேநீரில் ஐஸ் உருகுவதற்குள் வேலை முடிந்தது. நீர்மட்டக் கருவியை வாளியில் முக்கி, சைரன் தானாக அலறுவதைக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்கா. பழைய ஸ்கிரிப்டுக்குப் பதிலா புதுசா ஒரு சின்ன ஃபைல். எடுக்கப் போறோம்னு லினக்ஸ்காரங்க ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. யார் அப்கிரேட் பண்ணுனது? அவருக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும்" என்றேன்.

லினக்ஸ் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர்கள் பழையதைக் கழித்துத்தான் ஆக வேண்டும். கழிக்கும் முன் சொன்னார்கள். படிக்கத் தெரிந்தவன் கண் முன்னால், மாற்றத் தெரிந்தவன் கண் முன்னால் சொன்னார்கள். அந்தச் சொல் செக்ரட்டரியிடம் சரியாக வந்து சேர்ந்தது. அவர் அதைத் தன் கையால் மாற்றும் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் கைமாற்றிவிடும் பொருளாக எடுத்துக்கொண்டார். மரமும் கொக்கியும் தன்னிடம் இருக்க, காது கேளாதவரிடம் தேங்காயைப் பற்றிச் சொன்னதைப் போலவே. கொலைகாரனுக்குக்கூட ஒரு நோக்கம் இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. எங்கள் மேல் அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் வீட்டை விற்றுவிட்டு ஜொகூரில் மகனோடு இருக்கப் போனார்கள். லாரியில் சாமான் ஏறிய காலை அவர் எங்கள் கேட்டுக்கு வந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வெளியே நின்றார். சாவி காதில். கண் வடிகாலில் இல்லை. இந்த முறை எங்கள் வீட்டைப் பார்த்தது, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் எங்கோ.

"டீச்சர், ஒரு விஷயம் சொல்லிடறேன்."

நான் வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் ஓடியது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. பிறகு கம்பியில் தேய்க்கும் சத்தம். பிறகு லாரி.

"என்னம்மா சொன்னாரு?" என்றாள் யாழினி. இப்போது அவள் அறை மாடியில். கூடத்துக் கட்டிலைக்கூட அவளுக்குப் பிடிப்பதில்லை. தினமும் மாலையில் கடல் ஏறும் நேரத்தைக் கேட்கிறாள்.

"ஒண்ணுமில்லம்மா. போயிட்டாரு."

அன்றிலிருந்து கேஸ் குழாயைத் தினமும் முகர்ந்து பார்க்கிறேன். கூரை ஓட்டுக்கு ஆள் வைத்துப் பார்த்தேன். மின்பெட்டியைப் பார்த்தாயிற்று, சுவர் விரிசலுக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எதுவும் இல்லை என்கிறார் என் கணவர். அவர் தூங்கிவிடுகிறார். ஜொகூரில் அந்த மனிதரும் நன்றாகவே தூங்குவார். என்னிடம் சொல்லிவிட்டாரே.